சின்னப் பள்ளி மாவட்டத்தின் தேர்வு முடிவுகளை எப்படிப் படிப்பது? ஒஹாயோ பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

ஒஹாயோ மாநிலத்தில் 600-க்கும் மேற்பட்ட பொதுப் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. கொலம்பஸ், கிளீவ்லாண்ட் போன்ற பெரிய நகரங்களை விட்டுவிட்டால், ஒரு வகுப்புக்கு நாற்பது, அறுபது, நூறு பிள்ளைகள் என்ற அளவில் நடக்கும் சின்ன மாவட்டங்கள் ஏராளம். வேலை மாறி இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போது முதலில் பார்ப்பது பள்ளியின் தேர்வு முடிவுகளைத்தான். அந்த எண்களை நம்பிப் பெரிய முடிவுகள் எடுக்கிறோம். ஆனால் சின்ன மாவட்டத்தில் அவற்றைப் பார்க்கும் விதமே வேறு. அதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள் இவை.

பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் மாவட்டம் போன்றதா?

இல்லை. வருவாய் மாவட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. பள்ளி மாவட்டம் தனி உள்ளாட்சி அமைப்பு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம், அந்த வாரியம் நியமிக்கும் சூப்பரின்டென்டென்ட் என்ற தலைமை நிர்வாகி, சொத்து வரியில் ஒரு பங்கு, மாநிலத்தின் நிதி உதவி ஆகியவற்றை வைத்து நடக்கிறது. ஒரே தொடக்கப் பள்ளி, ஒரே நடுநிலைப் பள்ளி, ஒரே உயர்நிலைப் பள்ளி என்று முடிந்துவிடும் மாவட்டங்களும் உண்டு.

எந்தெந்த வகுப்பில் என்ன தேர்வு?

3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஆங்கிலமும் கணக்கும். 5, 8 வகுப்புகளில் அறிவியலும் சேரும். மூன்றாம் வகுப்புக்கு மட்டும் ஆங்கிலத் தேர்வு இலையுதிர் காலத்தில் ஒரு முறை, வசந்த காலத்தில் இன்னொரு முறை நடக்கும். உயர்நிலைப் பள்ளியில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு, அமெரிக்க அரசு ஆகிய பாடங்களை முடிக்கும்போது அந்தந்தப் பாடத்துக்கான தேர்வு.

இதன் பின்னால் இருப்பது மத்தியச் சட்டம். 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் 3 முதல் 8 வரை ஆண்டுதோறும் தேர்வு நடத்துவதைக் கட்டாயமாக்கியது. 2015-ல் வந்த புதிய சட்டம் தண்டனைகளைத் தளர்த்தியது. தேர்வுகளை மட்டும் விடவில்லை.

'70 சதவீதம் புரொஃபிஷியன்ட்' என்றால் பிள்ளைகள் சராசரியாக 70 மார்க் வாங்கினார்களா?

பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நூறு பேரில் எழுபது பேர் ஒரு கோட்டைத் தாண்டினார்கள் என்று மட்டுமே பொருள். ஒஹாயோவில் அந்தக் கோடு 700. மதிப்பெண்களை லிமிட்டெட், பேசிக், புரொஃபிஷியன்ட், அக்காம்ப்ளிஷ்ட், அட்வான்ஸ்டு என்று ஐந்து படிகளாகப் பிரிப்பார்கள். 700 வாங்கிய பிள்ளையும் எல்லோரையும் முந்திய பிள்ளையும் இந்தச் சதவீதத்தில் ஒன்றுதான். 699 வாங்கிய பிள்ளை வெளியே நிற்கும்.

இன்னொன்று, இந்தக் கோட்டை ஒவ்வொரு மாநிலமும் தானே வரைகிறது. அதனால் ஒஹாயோ மாவட்டத்தின் 70-ஐ நியூ ஜெர்சி மாவட்டத்தின் 60-ஓடு ஒப்பிட முடியாது. நாடு முழுவதற்கும் பொதுவான 'நேப்' தேர்வில் புரொஃபிஷியன்ட் கோடு மிக உயரத்தில் இருக்கிறது. 2024-ல் நாலாம் வகுப்பு வாசிப்பில் நாடு முழுவதும் 31 சதவீதம் பேர்தான் அதைத் தொட்டார்கள். அதைப் பார்த்து மற்ற எல்லோருக்கும் வாசிக்கத் தெரியாது என்று பதற வேண்டாம். அங்கே அந்தச் சொல் வகுப்புக்குரிய சாதாரணத் தரத்தைக் குறிப்பதில்லை, அதைவிடக் கடினமான ஒரு நிலையைக் குறிக்கிறது. மேலும் 'நேப்' மாதிரி எடுத்து நடத்தும் தேர்வு. சில பெரிய நகரங்களுக்கு மட்டும் தனி முடிவு வெளியிடுவார்கள். உங்கள் சின்ன மாவட்டத்துக்கு அதில் எண் கிடைக்காது.

எங்கள் மாவட்டத்தில் நாலாம் வகுப்புக் கணக்கில் போன வருடம் 78 சதவீதம், இந்த வருடம் 65. பள்ளி கெட்டுப்போய்விட்டதா?

முதலில் எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று பாருங்கள். நாற்பது பேர் என்றால், ஒரு பிள்ளை இரண்டரை சதவீதம். 78-க்கும் 65-க்கும் நடுவில் இருப்பது ஐந்தே பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குத் தேர்வு அன்று காய்ச்சல், நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் குடும்பம் கோடையில் வேறு ஊருக்குப் போய்விட்டது, இரண்டு பேர் 697, 698 என்று கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டார்கள். அவ்வளவுதான், பதிமூன்று சதவீதம் இறங்கிவிடும். பள்ளிக்குள் எதுவுமே மாறியிருக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை கோட்டைத் தாண்டும் வாய்ப்பு எப்போதும் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பித்தலும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் தற்செயலால் மட்டும் வரும் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (எண் வழக்கமாக எவ்வளவு ஆடும் என்ற அளவு) சுமார் 7 சதவீதப் புள்ளிகள். அதாவது ஒரு வருடம் 63, அடுத்த வருடம் 77 என்று வருவது சர்வ சாதாரணம். நானூறு பேர் எழுதும் மாவட்டத்தில் இதே விலக்கம் இரண்டு புள்ளிகளைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அதனால் பெரிய மாவட்டத்தில் பத்துப் புள்ளி இறங்கினால் அது செய்தி. சின்ன மாவட்டத்தில் பத்துப் புள்ளி இறங்குவது பல சமயம் வெறும் தற்செயல்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-லேயே வட கரோலினாப் பள்ளிகளை வைத்து இதை விரிவாகக் காட்டினார்கள். மாநிலத்தின் சிறந்த பள்ளிகள் பட்டியலில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு மீறி இடம் பிடித்தன, கடைசிப் பட்டியலிலும் அவையே அளவுக்கு மீறி இருந்தன. சின்னப் பள்ளியின் எண் இரு பக்கமும் அதிகம் ஆடும், அதுதான் காரணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளூர்ச் செய்தித்தாள் 'மதிப்பெண் சரிவு' என்று தலைப்புப் போடும்போது, அந்த வருடம் நாலாம் வகுப்பு எடுத்த ஆசிரியையைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். அதே ஆசிரியையை அடுத்த வருடம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும் அதே தவறுதான்.

அப்படியானால் எத்தனை வருட எண்களைப் பார்ப்பது?

குறைந்தது மூன்று வருடம், முடிந்தால் ஐந்து. மூன்று வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் நாற்பது பேர் நூற்றிருபது பேராகிறார்கள், எண் ஓரளவு நிலைக்கும். 3 முதல் 8 வரை எல்லா வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது. 2020 வசந்தத்தில் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. 2021-ல் பல இடங்களில் எழுதியவர்கள் குறைவு. அந்த இரண்டு வருடத்தைத் தாண்டிக் கோடு போட்டுப் பார்க்கும்போது கவனம் தேவை.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இந்த வருட நாலாம் வகுப்பைப் போன வருட நாலாம் வகுப்போடு ஒப்பிடாமல், அதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். சின்ன ஊரில் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றாகவே மேலே போவார்கள், அதனால் இந்த ஒப்பீடு நன்றாகப் பொருந்தும்.

மாநிலம் வெளியிடும் மாவட்ட அறிக்கையில் சில கட்டங்கள் காலியாக இருக்கின்றன. மறைக்கிறார்களா?

மறைப்பது உண்மை, காரணம் நல்லது. ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் ஒஹாயோ அந்த எண்ணை வெளியிடாது. நாலு பேர் மட்டும் இருக்கும் பிரிவில் 'பூஜ்யம் சதவீதம்' என்று போட்டால், அந்த நாலு பிள்ளைகளும் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். எரி ஏரித் தீவில் இருக்கும் புட்-இன்-பே மாவட்டத்தில் மொத்த மாணவர்களே நூறுக்கும் குறைவு. அங்கே வகுப்பு வாரியாகப் பார்க்கப்போனால் பெரும்பாலும் காலிக் கட்டங்களே கிடைக்கும்.

மதிப்பெண் அதிகம் உள்ள மாவட்டத்தில்தான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் குழு நாட்டின் ஏறக்குறைய எல்லா மாவட்டங்களின் முடிவுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒரு தரவுத்தளம் உருவாக்கியிருக்கிறது. அதில் இரண்டு விஷயம் தெரிகிறது. சராசரி மதிப்பெண் பெற்றோரின் வருமானம், படிப்பு ஆகியவற்றோடு மிக நெருக்கமாகப் போகிறது. ஆனால் பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு கற்கிறார்கள் என்ற வளர்ச்சிக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை. பணக்கார மாவட்டத்தில் உயர்ந்த மதிப்பெண்ணும் மந்தமான வளர்ச்சியும் சேர்ந்தே இருக்கலாம். ஏழை மாவட்டத்தில் பிள்ளைகள் பின்தங்கிய நிலையில் பள்ளிக்குள் வந்து வேகமாக முன்னேறலாம். சிகாகோ பெருநகரம் அதற்குப் பெயர் பெற்ற உதாரணம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்து வருடத்தில், அங்குள்ள பிள்ளைகள் ஆறு வருடப் படிப்புக்குச் சமமாக முன்னேறியதை இந்தத் தரவு காட்டியது.

ஒஹாயோ அறிக்கையில் இதற்கு 'புரோக்ரெஸ்' என்று தனிப் பகுதி உண்டு. முன்பு எழுதிய தேர்வுகளை வைத்துப் பார்த்தால் எதிர்பார்க்கும் அளவைவிடப் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்களா, குறைவாகவா என்று சொல்லும் பகுதி அது. வீடு வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சின்ன மாவட்டத்தில் இதுவும் ஆடும் என்பதால் பல வருடத்தைச் சேர்த்தே பாருங்கள்.

அதே அறிக்கையில் இருக்கும் 'பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ்' என்ற எண் எப்படி வருகிறது?

ஒவ்வொரு படிக்கும் ஒரு எடை. அட்வான்ஸ்டு 1.2, அக்காம்ப்ளிஷ்ட் 1.1, புரொஃபிஷியன்ட் 1.0, பேசிக் 0.6, லிமிட்டெட் 0.3, எழுதாதவருக்குப் பூஜ்யம். நாற்பது பேரில் முதல் மூன்று படிகளிலும் பத்துப் பத்துப் பேர், பேசிக்கில் 6, லிமிட்டெட்டில் 4 என்றால் மொத்தம் 37.8, நாற்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் 94.5. இதே வகுப்பு சதவீதக் கணக்கில் 75. கோட்டுக்கு மேலும் கீழும் நடக்கும் முன்னேற்றம் இதில் ஓரளவு தெரியும் என்பதால் சதவீதத்தைவிட இது மேல்.

2022 முதல் அறிக்கையில் மாவட்டங்களுக்கு ஆங்கில எழுத்துகளில் தரம் போடுவதை நிறுத்தி, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

வறுமை அதிகமுள்ள சின்ன மாவட்டம் நல்ல முடிவு காட்டிய உதாரணம் ஒஹாயோவில் இருக்கிறதா?

இருக்கிறது, ஸ்டூபன்வில். பிட்ஸ்பர்கிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒஹாயோ ஆற்றின் கரையில் இருக்கிறது. எஃகு ஆலைகளால் வளர்ந்த ஊர், ஆலைகள் மூடியதும் சுருங்கிய ஊர். 1940-ல் 37,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 18,000 பேர்தான். வருமானம் மாநிலச் சராசரியைவிட வெகு குறைவு. வருமானத்தை மட்டும் வைத்துக் கணித்தால் மதிப்பெண் மோசமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அங்கே மூன்றாம் வகுப்பு வாசிப்பில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் கோட்டைத் தாண்டுகிறார்கள், வருடத்துக்கு வருடம் அப்படியே. ரியர்டன் குழுவின் தரவிலும் அந்த வகுப்பின் மதிப்பெண் நாட்டின் மிக உயர்ந்த வரிசையில் இருக்கிறது. ஒரு வருடம் மட்டும் இப்படி வந்திருந்தால் மேலே சொன்ன தற்செயல் என்று ஒதுக்கியிருக்கலாம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அளவுக்கு அடுத்தடுத்த வகுப்புகள் இதையே செய்யும்போது தற்செயல் என்று சொல்ல இடமில்லை. சின்ன மாவட்டம் தான் நன்றாக நடக்கிறது என்று நிரூபிக்க ஒரே வழி இப்படி விடாமல் செய்து காட்டுவதுதான்.

அங்கே என்ன செய்கிறார்கள்? 2000-ல் 'சக்சஸ் ஃபார் ஆல்' என்ற வாசிப்புத் திட்டத்தை எடுத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லாவின், நான்சி மேடன் தம்பதி உருவாக்கி, 1987-ல் பால்டிமோரில் முதலில் நடத்திய திட்டம் அது. தினமும் 90 நிமிடம் வாசிப்புக்கே ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தில் வயதைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்காரலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை சோதித்துக் குழுவை மாற்றுகிறார்கள், அதனால் யாரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வதில்லை. எழுத்தும் ஒலியும் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகள் ஜோடியாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். பின்தங்கும் பிள்ளைக்கு உடனே தனிப் பயிற்சி. குழுக்கள் சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக உடற்பயிற்சி ஆசிரியர்கூட அந்த நேரத்தில் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறார்.

இதில் அதிசயமாக எதுவும் இல்லை. நாட்டில் பல பள்ளிகள் இதே திட்டத்தை எடுத்து, சூப்பரின்டென்டென்ட் மாறியதும் விட்டுவிட்டன. ஸ்டூபன்வில் விடவில்லை. என்னைக் கேட்டால், புதிய திட்டம் வாங்குவதைவிடக் கையில் இருக்கும் நல்ல திட்டத்தை இருபது வருடம் நடத்துவதுதான் கடினம்.

தேர்வுக்கு மட்டும் பழக்கியோ ஏமாற்றியோ உயர்ந்த எண் காட்ட முடியாதா?

முடியும், நடந்திருக்கிறது. அட்லாண்டாவில் 2009-ல் மதிப்பெண்கள் திடீரென எகிறின. 2011-ல் வந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் விடைத்தாள் திருத்தம் போன்ற முறைகேடுகளில் ஈடுபட்டதாகச் சொன்னது. 2015-ல் 11 பேர் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பிள்ளைகள்தான். உதவி தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு 'நன்றாகப் படிக்கிறாய்' என்ற தாள் கிடைத்தது, உதவி கிடைக்கவில்லை.

ஒரே வருடத்தில் முப்பது புள்ளி தாவல், அடுத்த வருடம் அதே பிள்ளைகள் சரிவு என்று வந்தால் கேள்வி கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாவிட்டால் நிறுத்திவைப்பார்கள் என்கிறார்களே?

2012-ல் ஒஹாயோ அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேலே அனுப்புவதற்கான மதிப்பெண் 700-ஐவிடக் குறைவாகவே இருந்தது. 2023-ல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது பெற்றோர், வாசிப்பு ஆசிரியர், தலைமையாசிரியர் கலந்து பேசி, பெற்றோர் சம்மதித்தால் பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போகலாம். அங்கே வாசிப்பு உதவி தொடர வேண்டும். எண்களைப் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நிறுத்திவைத்த பிள்ளைகள் நாலாம் வகுப்பு எண்ணில் வருவதில்லை. பழைய வருடங்களை ஒப்பிடும்போது இது கொஞ்சம் வித்தியாசம் காட்டும்.

இந்த வருடம்தான் இந்தியாவிலிருந்து வந்தோம். என் மகள் தேர்வு எழுத வேண்டுமா?

சேர்க்கும்போது வீட்டு மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று தயங்காமல் எழுதுங்கள். அதை வைத்து ஆங்கிலத் திறனைச் சின்னதாகச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் கூடுதல் ஆங்கில வகுப்பு கிடைக்கும். படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ நல்லது. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை அமெரிக்கப் பள்ளிக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால், ஆங்கிலத் தேர்விலிருந்து ஒரு முறை விலக்குத் தர மத்தியச் சட்டம் மாநிலங்களை அனுமதிக்கிறது. கணக்குத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பள்ளி அலுவலகத்திலேயே கேளுங்கள்.

தேர்வு வேண்டாம் என்று பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாமா?

நியூயார்க் மாநிலத்தில் 2015-ல் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் அப்படி ஒதுங்கினார்கள். ஒஹாயோவில், மேலே சொன்னபடி, எழுதாத பிள்ளைக்குப் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ் கணக்கில் பூஜ்யம் போடுவார்கள். நாற்பது பேர் வகுப்பில் ஒரு புரொஃபிஷியன்ட் பிள்ளை எழுதாவிட்டால் 94.5 என்ற எண் 92 ஆகிவிடும். 95 சதவீதம் பேர் எழுத வேண்டும் என்பது மத்தியச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. நாற்பது பேரில் மூன்று பேர் வராவிட்டாலே அது போய்விடும். தேர்வு மேல் கோபம் இருந்தால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசுங்கள். ஒதுங்குவதால் சின்ன மாவட்டத்தின் எண் இன்னும் கலங்கலாகும்.

உயர்நிலைப் பள்ளியில் ஒதுங்கவே வேண்டாம். அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 2 இரண்டிலும் 684 வாங்குவதுதான் உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான பட்டயம் பெற வழக்கமான வழி. வாங்காதவர்கள் மாற்று வழிகளைத் தேட வேண்டியிருக்கும்.

வீடு தேடும் இணையதளமான ஜில்லோவில் வீட்டுக்குப் பக்கத்தில் '6/10' என்று பள்ளி மதிப்பு போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

அது 'கிரேட்ஸ்கூல்ஸ்' அமைப்பு கொடுக்கும் எண். மாநிலத் தேர்வு முடிவுகளே அதற்கும் அடிப்படை. முன்பு கிட்டத்தட்ட முழுவதும் மதிப்பெண்ணாகவே இருந்தது, 2017-க்குப் பிறகு வளர்ச்சியையும் சேர்த்தார்கள். 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பள்ளியில் ஒரு கைவிரலில் எண்ணும் பிள்ளைகளாக இருக்கலாம். அதற்காக வீட்டு விலையில் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன், அந்த எண்ணைச் சொடுக்கி உள்ளே போய், வளர்ச்சிக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கே போய்ப் பாருங்கள்.

பள்ளிக்குப் போனால் என்ன கேட்பது?

வாசிப்புக்கு எந்தப் பாடத்திட்டம், எத்தனை வருடமாக நடக்கிறது? பின்தங்கும் பிள்ளையை எந்த மாதத்தில் கண்டுபிடிக்கிறீர்கள், கண்டுபிடித்ததும் யார் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள்? ஆசிரியர்கள் எவ்வளவு காலம் தங்குகிறார்கள்? ஒரு நாளில் எத்தனை பிள்ளைகள் வராமல் இருக்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருக்கும் தலைமையாசிரியரைப் பார்த்தால், நட்சத்திரம் மூன்றாக இருந்தாலும் நான் தைரியமாகப் பிள்ளையைச் சேர்ப்பேன்.

முடிவுகள் எப்போது வரும்?

வசந்த காலத் தேர்வின் தனி மதிப்பெண் தாள் கோடையில் பெற்றோருக்கு வரும். மாவட்ட அறிக்கை செப்டம்பர் நடுவில் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் வெளியாகும். பழைய வருடங்களின் அறிக்கைகளும் அங்கேயே இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.